புது வீட்டுக்கு எத்தனை சதுர அடி வேண்டும்? டேப்பும் நோட்டும் வைத்து நாமே கணக்குப் போடலாம்

வீடு வாங்கப் போகிறவர்களிடம் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி, "டூ பி.எச்.கே.வா, த்ரீ பி.எச்.கே.வா?" இரண்டாவது, "பட்ஜெட் எவ்வளவு?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் மூன்று ஃப்ளாட் காட்டுவார், அதில் ஒன்றை நாம் பிடித்துக்கொள்வோம். வீட்டில் இருப்பவர்கள் யார், எப்போது தூங்குவார்கள், எத்தனை பீரோ இருக்கிறது என்ற பேச்சு கடைசிவரை வராது. குடிபோன பிறகுதான் வரும். என் கருத்தில் சதுர அடி என்பது கணக்கின் கடைசி வரியில் வரவேண்டிய விடை. ஆட்களில் தொடங்கி அந்த வரிக்கு எப்படிப் போவது என்று பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தாம்பரம் பக்கம் ஃப்ளாட் தேடுகிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கணவனின் அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. மகளுக்கு 11, மகனுக்கு 7. உங்கள் வீட்டு ஆட்களை வைத்து இதே கணக்கைக் கூடவே போட்டுக்கொண்டு வாருங்கள்.

படி 1: ஆட்களை இன்றைக்கும் ஏழு வருஷம் கழித்தும் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், இன்றைய வயது, ஏழு வருஷம் கழித்து வயது. வீட்டுக்கடன் இருபது வருஷம் ஓடும் என்றாலும், ஏழு வருஷத்துக்குள்ளேயே இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் நிறைய மாறிவிடும்.

நம் உதாரணத்தில் மகளுக்கு 18, மகனுக்கு 14, பாட்டிக்கு 75 ஆகியிருக்கும். இப்போது யார் யாரோடு படுப்பது என்று பாருங்கள். "பாட்டியும் பேத்தியும் ஒரே ரூமில் இருந்துகொள்ளட்டும்" என்று பல வீடுகளில் சுலபமாக முடித்துவிடுகிறோம். பாட்டி எட்டரைக்கு விளக்கை அணைக்கிறவர். பேத்தி இன்னும் நான்கு வருஷத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதினொரு மணிவரை படிப்பாள். அந்த அறையில் இரண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. பேரன் ஒன்பது மணிக்குள் தூங்கிவிடுவான் என்பதால் பாட்டியும் பேரனும் ஓர் அறை, மகளுக்குத் தனியாக ஒரு சின்ன அறை என்று வைத்தால் சரியாக இருக்கும். ஏழு வருஷம் கழித்து மகள் கல்லூரி விடுதிக்குப் போனால் அந்த அறை மகனுக்கு வரும். பாட்டிக்குத் துணைக்கு ஆள் வைக்கவேண்டி வந்தால், அவர் படுக்கவும் பாட்டியின் அறையிலேயே இடம் வேண்டும். ஆக, பாட்டியின் அறையில் எப்போதும் இரண்டு கட்டில் போடவேண்டும், மகளின் அறையில் ஒன்று போதும்.

பெரியவர்களுக்கு "மீதி இருக்கிற" அறையைக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விடவேண்டும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

படி 2: காலை 6 முதல் 8 வரை

வீடு போதுமா போதாதா என்பது இந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள், யார் அடுப்படியில், ஸ்கூல் வேன் எப்போது, ட்ரெயின் எப்போது என்று வரிசையாக எழுதுங்கள்.

ஐந்து பேருக்கு ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 100 நிமிடம். காகிதத்தில் ஒரு பாத்ரூமே போதும் போலத் தெரியும். ஆனால் வயதானவர்களுக்கு அவசரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு வேண்டும், அதில் ஒன்று பாட்டி அறையை ஒட்டி இருக்கவேண்டும். மூன்றாவது பாத்ரூம் இந்தக் குடும்பத்துக்குத் தேவையில்லை. அதற்குப் போகும் 40 சதுர அடியை அடுப்படிக்குக் கொடுக்கலாம்.

படி 3: இப்போது இருக்கும் வீட்டைச் சாமானோடு அளந்து எழுதுங்கள்

ஹார்டுவேர் கடையில் 5 மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள். கூடவே வரப்போகும் ஒவ்வொரு சாமானுக்கும் நீளம், அகலம், அதைப் பயன்படுத்த முன்னால் தேவைப்படும் வெற்றிடம் மூன்றையும் குறியுங்கள். அந்த மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தோராயமான அளவுகள் இவை:

- பெரிய டபுள் காட்: 6 அடிக்கு 6½ அடி. இரண்டு பக்கமும் இறங்க 2 முதல் 2½ அடி.
- சிங்கிள் காட்: 3 அடிக்கு 6¼ அடி.
- ஸ்டீல் பீரோ: 3 அடி அகலம், 1½ அடி ஆழம். கதவைத் திறந்து நிற்க முன்னால் 3 அடி.
- படிக்கும் மேஜை: 4 அடிக்கு 2 அடி. நாற்காலியை இழுக்க 2½ அடி.
- மூன்று பேர் உட்காரும் சோபா: 7 அடிக்கு 3 அடி.
- வாஷிங் மெஷின்: 2 அடிக்கு 2 அடி.
- அடுப்பு மேடை: 2 அடி ஆழம்.
- ஒருவர் பாய் விரித்துப் படுக்க: 6 அடிக்கு 2½ அடி.

அடுப்படிச் சாமானைத் தனியாக எண்ணுங்கள். கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், இரண்டு சிலிண்டர், 25 கிலோ அரிசி மூட்டை, தண்ணீர் கேன், இட்லிக் குண்டான் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் சொல்லமுடிகிறதா என்று பாருங்கள். கொலுப்படி, சூட்கேஸ், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய பாத்திரங்கள் பரணுக்குப் போகட்டும். அவற்றுக்காகத் தரையில் காசு கொடுக்க வேண்டாம்.

படி 4: ஒவ்வோர் அறையையும் கட்டுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து வரையுங்கள்.

பாட்டியின் அறையிலிருந்து ஆரம்பிப்போம். 10 அடிச் சுவரில் தலைமாடு வைத்து ஒரு கட்டில் 3 அடி, நடுவில் 3 அடி இடைவெளி, இன்னொரு கட்டில் 3 அடி. மொத்தம் 9 அடி. கைத்தடியோ வாக்கரோ வைத்து நடக்க அந்த 3 அடி இடைவெளி கட்டாயம். எதிர்ச் சுவரில் பீரோ 3 அடி, மேஜை 4 அடி, வாசல் 3 அடி, ஆக 10 அடி. நீளவாக்கில் கட்டில் 6¼, மேஜை 2, நாற்காலிக்கு 2½ சேர்த்தால் 10¾. அதனால் 10க்கு 11 அறை வேண்டும். இதே அறையில் வாசல் கட்டில் பக்கத்துச் சுவரின் நடுவில் வந்தால் இரண்டாவது கட்டில் நுழையாது. அறையின் அளவு எவ்வளவு முக்கியமோ, அந்த அளவுக்குக் கதவு இருக்கும் இடமும் முக்கியம்.

கணவன்-மனைவி அறையில் கட்டிலுக்கு 6 அடி, இரண்டு பக்கமும் 2½, ஆக 11. மற்றப் பக்கம் காட் 6½, வார்ட்ரோப் 2, நடுவில் 3½, ஆக 12. விளம்பரத்தில் வரும் 10க்கு 10 அறையில் இந்தப் பெரிய கட்டிலைப் போட்டால் பக்கத்துக்கு 2 அடிதான் மிஞ்சும், கால்மாட்டில் வார்ட்ரோப் வைத்தால் நடுவில் ஒன்றரை அடிதான். அங்கே நின்று வார்ட்ரோப் கதவைத் திறக்க முடியாது. அதே அறையில் 5 அடிக் கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வார்ட்ரோப்பை எதிர்ப் பக்கச் சுவரில் வைத்தால் நடுவில் 3 அடி கிடைக்கும், ஆகவே கட்டிலை மாற்றுவதா அறையை மாற்றுவதா என்று இப்போதே முடிவெடுங்கள். மகளின் அறைக்கு 9க்கு 10 போதும்.

அடுப்படியில் இரண்டு பக்கமும் மேடை வைத்தால் 2 + 4 + 2, ஆக 8 அடி அகலம். நடுவில் 4 அடி இருந்தால்தான் மருமகள் தோசை ஊற்றும்போது மாமியார் பின்னால் போய் ஃப்ரிட்ஜைத் திறக்கமுடியும். நீளம் 10 அடி.

பாத்ரூம் 5க்கு 8. பாட்டியின் பாத்ரூமில் வெஸ்டர்ன் கம்மோடு, சுவரில் பிடிமானக் கம்பி, வாசலில் படி இல்லாமல் வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. பின்னாளில் சக்கர நாற்காலி வந்தால் வாசலுக்கு 3 அடித் திறப்பும், அது திரும்ப 5 அடி வட்டமும் வேண்டும். சாதாரண பாத்ரூம் கதவு இரண்டரை அடிதான் இருக்கும், கட்டும்போதே கேட்டு மாற்றிவிடுங்கள்.

ஹாலைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் தங்க என்று தனி அறை வாங்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான்கு நாள் வருகிறவர்களுக்காகப் பல லட்சத்தை முடக்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் அதில் துணி மடித்து வைப்பதுதான் நடக்கும். ஹாலில் இரவில் நான்கு பாய் விரிக்க முடிந்தால் போதும். நான்கு பாய்க்கு 10க்கு 6 அடி. 11க்கு 13 ஹாலில் ஒற்றைச் சோபாவும் நகர்த்தக்கூடிய இரண்டு நாற்காலியும் போட்டால் இது தாராளமாக நடக்கும். பெரிய சோபா செட் போட்டால் நடக்காது. ஹாலுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டு மேஜை போட 9க்கு 10.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கீழ் எல்லை இருக்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பிரதான அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடி என்கிறது. அடுப்படிக்கு 5 சதுர மீட்டர் (54 சதுர அடி), கழிப்பறையோடு சேர்ந்த குளியலறைக்கு 2.8 சதுர மீட்டர் (30 சதுர அடி). இதற்குக் கீழே இருக்கும் பிளானைத் தொடவே வேண்டாம்.

படி 5: மொட்டை மாடியில் கோலமாவால் வரையுங்கள்

நோட்டில் சரியாகத் தெரிவது கண்ணுக்கு வேறு மாதிரி இருக்கும். மொட்டை மாடியிலோ வாசலிலோ 10க்கு 11 அடி கட்டம் போட்டு, கட்டில் இருக்கும் இடத்தில் செய்தித்தாளை விரித்து, பாட்டியை நடக்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் இதை மிகவும் ரசிப்பார்கள், எங்கே இடிக்கிறது என்று நமக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்.

படி 6: கூட்டுங்கள்

ஹால் 143, சாப்பிடும் இடம் 90, அடுப்படி 80, பெரிய அறை 132, பாட்டி அறை 110, மகள் அறை 90, இரண்டு பாத்ரூம் 80, பூஜைக்கு 3க்கு 4 அடி என்று 12. மொத்தம் 737. உள்சுவர், நடைபாதைக்கு 12 சதவீதம் சேர்த்தால் சுமார் 825 சதுர அடி.

அப்புறம் துணி உலர்த்தும் இடம். சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஐந்து பேர் துணி, அதில் ஐந்தரை மீட்டர் புடவைகள் வேறு. கூரைக்குக் கீழே கொடி கட்ட 4க்கு 10 பால்கனியும், வாஷிங் மெஷினுக்கும் பாத்திரம் தேய்க்கவும் 4க்கு 8 அளவில் இன்னொரு பால்கனியும் வேண்டும். இது 72 சதுர அடி.

படி 7: பில்டர் சொல்லும் எண்ணுக்கு மாற்றுங்கள்

நாம் கண்டுபிடித்த 825 என்பது கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் தரை. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: வெளிச்சுவர், பைப் போகும் குழாய்ச் சந்து, பால்கனி, திறந்த மாடி இதில் சேராது. உள் தடுப்புச்சுவர் சேரும்.

825உடன் பால்கனிகளின் 72, வெளிச்சுவருக்குத் தோராயமாக 75 சேர்த்தால் சுமார் 970. இது பில்ட்-அப் ஏரியா. அதற்கு மேல் லிஃப்ட், மாடிப்படி, வராந்தா ஆகியவற்றில் நம் பங்கு என்று 25 முதல் 30 சதவீதம் போட்டால் 1,210 முதல் 1,260 வரை. இதுதான் விளம்பரத்தில் வரும் சூப்பர் பில்ட்-அப். யூ.டி.எஸ். என்று சொல்வது நிலத்தில் நம் பங்கு. பத்திரத்துக்கு மிக முக்கியம், ஆனால் கட்டில் போடும் கணக்கில் அது வராது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 825க்கு 1,250 என்றால், உள்ளே ஓர் அடி வாங்க விலையில் ஒன்றரை அடிக்குப் பணம் கொடுக்கிறோம். சதுர அடி 6,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தேவையில்லாத அந்த மூன்றாவது பாத்ரூமின் 40 சதுர அடிக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். பல அடுக்ககங்களில் மாத மெயின்டனன்ஸும் இதே சூப்பர் பில்ட்-அப் எண்ணில்தான் போடுகிறார்கள்.

படி 8: பணம் பத்தவில்லை என்றால்

முதலில் சாப்பிடும் இடத்தை ஹாலோடு சேருங்கள். 30, 40 சதுர அடி மிஞ்சும். அடுத்து பெரிய அறையில் 5 அடிக் கட்டிலுக்கு மாறி 10க்கு 11 ஆக்குங்கள். பால்கனி இரண்டையும் ஒன்றாக்கலாம். பாட்டி அறையையும் அடுப்படியின் நடு இடைவெளியையும் மட்டும் தொடாதீர்கள். அதற்கும் மேல் குறைக்கவேண்டி வந்தால், வீட்டைச் சுருக்குவதைவிட இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளித் தேடலாம். ஆனால் பிள்ளைகளின் பள்ளியையும் பாட்டியின் டாக்டரையும் யோசித்த பிறகு அதை முடிவு செய்யுங்கள்.

படி 9: ஃப்ளாட் பார்க்கப் போகும்போது

நோட்டும் டேப்பும் கையில் இருக்கட்டும். மாடல் ஃப்ளாட்டில் போட்டிருக்கும் கட்டிலையும் அளந்துவிடுங்கள், சில இடங்களில் அது வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கும். சுவர் மூலையில் தூண் துருத்திக்கொண்டிருக்கிறதா, ஜன்னலை மறைக்காமல் பீரோ வைக்க ஒரு முழுச் சுவர் இருக்கிறதா, மேலே பரண் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வோர் அறையிலும் பாருங்கள். பிளானில் உள்ள அளவு செங்கல்லுக்குச் செங்கல் என்றால், சிமென்ட் பூச்சு ஏறியதும் ஓர் அங்குலமாவது குறையும். அதே கட்டடத்தில் அதே பிளானில் யாராவது குடிவந்திருந்தால், அனுமதி கேட்டு ஐந்து நிமிடம் உள்ளே போய்ப் பாருங்கள். சாமான் நிறைந்த வீடு சொல்வதைக் காலி வீடு சொல்லாது.

பிடித்திருந்தால், கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, அங்கே இருக்கும் விவரத்தோடு ஒத்துப்பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஒப்பந்தத்திலும் அதே எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.