கார் ஓட்டுவதை நிறுத்தும் நாளுக்கு இப்போதே தயாராவது எப்படி?

அப்பாவின் கார் வாசல் கேட்டில் உரசி, பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அன்று மாலையே சாவியை வாங்கி வைத்துவிட்டோம். அதன்பின் மூன்று மாதம் அவர் வீட்டை விட்டு வெளியே கிளம்பவே இல்லை. நாங்கள் செய்தது தப்பு. அவர் நன்றாக ஓட்டிய காலத்திலேயே எல்லோரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அறுபதைத் தொட்டவர்கள் தாராளமாக இன்றே தொடங்கலாம்.

படி 1: ஒரு மாதக் கணக்கு
காரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறியுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, எதற்கு. நண்பர் வீட்டுக்குச் சும்மா போய் வந்ததையும் விடாதீர்கள். டாக்டரிடம் எப்படியாவது யாராவது கூட்டிப்போவார்கள். முதலில் நின்றுபோவது இந்தச் சும்மா போவதுதான்.

படி 2: கார் இல்லாத ஒரு நாள்
வாரத்தில் ஒரு நாள் காரைத் தொடாமல் அந்த வேலைகளை முடித்துப் பாருங்கள். பஸ் நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். அங்கே உட்கார இடம் உண்டா, படி எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். போனில் டாக்ஸி கூப்பிடப் பழகுங்கள். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் செலவைக் கூட்டினால் டாக்ஸிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

படி 3: கண்ணும் மாத்திரையும்
20 வயதில் விழித்திரைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் கிடைக்கிறது. இரவில் ஓட்டத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிளாக்கோமா என்ற கண் நோய் ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். பரிசோதனை செய்தால்தான் தெரியும். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் மறுநாள் காலையிலும் மந்தமாக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதித்தாலே வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும்.

படி 4: கொஞ்சம் கொஞ்சமாக
முதலில் இரவு, பிறகு மழை, அடுத்து நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றாக விடுங்கள்.

படி 5: ஒரு கடிதம்
மறதி நோய் வந்தவருக்குத் தான் கார் ஓட்டும் விதம் கெட்டுப்போனது தனக்கே தெரியாமல் போகலாம். அதனால், "இன்னார் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன்" என்று இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு, அவரிடமே கொடுத்து வையுங்கள். பிறந்தநாள்தோறும் இருவரும் எடுத்துப் படியுங்கள்.