சோளக்காட்டில் மாட்டை அவிழ்த்து விடும் முன்

மாடு விஷச்செடி தின்று செத்தது என்றால் நமக்கு ஊமத்தையும் எருக்கும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் நான் பார்த்த வரையில் அதிகம் காவு வாங்கியது நாமே விதைத்த சோளம்.

மழை பொய்த்து, பயிர் முழங்கால் உயரத்திலேயே நின்றுபோயிருக்கும். "கதிர்தான் இல்லை, மாடாவது தின்னட்டும்" என்று அவிழ்த்து விடுவோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இளஞ்சோளத்தில் இருக்கும் ஒரு பொருள், மாடு மென்று விழுங்கியதும் சிதைந்து சயனைடாகிறது. வாடி நிற்கும் பயிரில் அது அதிகம். அறுத்த கட்டையில் ஒரு மழைக்கு அப்புறம் துளிர்க்கிற மறுதாம்பு இன்னும் மோசம். பச்சைப்பசேல் என்று நமக்கே ஆசையாக இருக்கும். பூவெடுத்தபின் அறுத்து, நன்றாகக் காயவைத்து, காய்ந்த சோளத்தட்டையாகப் போட்டால் பயமில்லை. மரவள்ளித் தழையும் இதே கதைதான். கிழங்கு பிடுங்கிய காட்டில் ஆடுகளை நேரே விடாமல், தழையைக் காயவைத்துக் கொஞ்சமாகப் போடுங்கள்.

சரி, காய்ந்தால் எந்த விஷமும் போய்விடுமா? அரளியிடம் அந்தக் கணக்கு செல்லாது. பச்சை அரளியைக் கசப்புக்காக மாடு ஒதுக்கும். வெட்டி வேலியோரம் வீசிய கிளை காய்ந்ததும் கசப்பு மட்டுப்படும், விஷம் அப்படியே இருக்கும். கைப்பிடி இலை போதும், இதயம் நின்றுவிடும். வெட்டினால் மாடு போகாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.

"எதைத் தின்னலாம்னு அதுக்குத் தெரியாதா?" என்பார்கள். வயிறு நிறைந்த உள்ளூர் மாட்டுக்கு ஓரளவு தெரியும். நேற்றுச் சந்தையில் வாங்கி, பட்டினியாக வண்டியில் வந்து இறங்கியதற்குத் தெரியாது. முதலில் வைக்கோல் போட்டுவிட்டு மேய்ச்சலுக்கு விடுங்கள்.

காட்டோரம் மேய்கிற மாட்டுக்கு முகத்தோல் வெடித்து, கண் மஞ்சளித்தால் உண்ணிச்செடியை (லாண்டானா) தின்றிருக்குமோ என்று சந்தேகியுங்கள். புண்ணுக்கு எண்ணெய் தடவி மறுபடி வெயிலில் ஓட்டினால் எரிச்சல் கூடும். கெட்டிருப்பது ஈரல், தோல் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நிழலில் கட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சோளம் அவ்வளவு அவகாசம் தராது. வாயில் நுரை, இரைப்பு, தள்ளாட்டம், சில நிமிடங்களில் படுத்துவிடும். இமையைப் பிதுக்கினால் உள்ளே செக்கச்செவேல் என்றிருக்கும்: ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூச்சுத் திணறும் மாட்டின் வாயைப் பிளந்து கரைசல் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள். 'இளஞ்சோளம் தின்றது' என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால், ரத்தக்குழாயில் போடும், சயனைடை முறிக்கும் தயோசல்பேட் ஊசியோடு வர வசதியாக இருக்கும். டாக்டர் வருவதற்குள் மற்ற மாடுகளை அந்தக் காட்டைவிட்டு ஓட்டிவிட்டு, தின்ற பயிரில் ஒரு பிடி பிடுங்கி வையுங்கள்.