சர்வேயரைக் கூப்பிடும் முன்: நிலம் அளக்கும் செலவு எதனால் கூடுகிறது?

"நிலம் அளக்க எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்டால், நல்ல சர்வேயர் சட்டென்று தொகை சொல்ல மாட்டார். "பத்திர நகலை அனுப்புங்கள், இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பார். அதை மழுப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வேலையெல்லாம் எல்லையில்தான். பரப்பு என்பது கடைசியில் வரும் கணக்கு.

1. எதற்காக அளக்கிறீர்கள்?

வேலி போடவும் விற்கவும் எல்லை அளந்தால் பெரும்பாலும் போதும். பாகம் பிரிக்க, உள்ளே புதுக் கோடுகள் போட்டுத் தனி வரைபடமும் வேண்டும். வீடு கட்டுவதென்றால் மேடு பள்ளத்தையும் அளக்க வேண்டியிருக்கும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் அவர் இரண்டாம் முறை வருவார், செலவும் இரண்டாகும்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

உங்கள் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், பழைய வரைபடம் எல்லாம் வேண்டும். பக்கத்து நிலத்துப் பத்திர நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. "கிழக்கே ஓடை" என்று பழைய பத்திரத்தில் இருக்கும், ஓடையோ தடம் மாறிப் போயிருக்கும். இந்தச் சிக்கலை மேசையில் உட்கார்ந்து அவிழ்க்கிற நேரத்துக்கும் காசு உண்டு.

3. செலவு ஏறும் இடங்கள்

100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுர நிலம் ஒரு ஹெக்டேர். 20 மீட்டருக்கு 500 மீட்டர் நீளத் துண்டும் அதே ஒரு ஹெக்டேர்தான். ஆனால் முதலாவதின் சுற்றளவு 400 மீட்டர், இரண்டாவதுக்கு 1,040. மூலைகள் கூடினாலும் இப்படித்தான் வேலை கூடும்.

அப்புறம் எல்லைக்கல். கல் இருக்க வேண்டிய இடத்தில் கடப்பாரையால் குத்திக்கொண்டே வருவார்கள். மண்ணில் 'சதக்' என்று இறங்கிக்கொண்டிருந்தது திடீரென்று 'ணங்' என்றால், ஒரு சாண் ஆழத்தில் கல் கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டால் தள்ளியிருக்கும் வேறு கற்களைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்து வர வேண்டும். அரை நாள் வேலை ஒன்றரை நாளாக நீள்வது இங்கேதான்.

புதரும் செலவை ஏற்றும். தூரத்தையும் கோணத்தையும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவிக்கு, எதிரே பிடிக்கிற பிரிசம் (அதன் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) தெரிய வேண்டும். அடர்ந்த மரத்தடியில் ஜிபிஎஸ் கருவியும் தடுமாறும். எல்லையோரத்தை நீங்களே வெட்டிச் சுத்தம் செய்து வைத்தால் அவ்வளவும் மிச்சம். வெட்டும்போது பழைய கல்லை மட்டும் அசைத்துவிடாதீர்கள்.

சரிவு நிலத்தில் இன்னொரு விஷயம். நில அளவு எப்போதும் கிடைமட்டக் கணக்கு. 30 டிகிரி சரிவில் தரையோடு டேப் பிடித்து 100 மீட்டர் வந்தால், வரைபடத்தில் அது சுமார் 86.6 மீட்டர்தான். நிலம் குறைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

4. தொகையை எழுத்தில் வாங்குங்கள்

இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல் நடுவது, கையெழுத்திட்ட வரைபடம், கணினிக் கோப்பு, போக்குவரத்து எல்லாம் அந்தத் தொகைக்குள் வருமா? பக்கத்து நிலத்துக்காரர் ஒத்துக்கொள்ளாமல் திரும்ப அளக்க நேர்ந்தால் தனிக் கட்டணமா? போன் செயலியை வைத்துக் குறைந்த காசில் அளந்து தருகிறேன் என்பவரை நம்பி வேலி போடாதீர்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் வரை தவறும்.

5. அளக்கும் நாளில்

பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, கூடவே நிற்கக் கூப்பிடுங்கள். கண்ணெதிரே நட்ட கல்லில் பிறகு தகராறு குறைவு. நட்ட ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, அருகிலுள்ள கிணறு, சுவர் போன்ற அசையாத ஏதாவது இரண்டிலிருந்து டேப் பிடித்துத் தூரத்தைக் குறித்து, வரைபடத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.