விலகிப்போனவரை நற்கருணைக்குத் திரும்ப அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு கத்தோலிக்கரை, அது அண்ணனோ மகளோ பழைய நண்பரோ, மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்கும் (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) நற்கருணைக்கும் (பூசையில் ஆண்டவரின் உடலாக வழங்கப்படும் அப்பம்) கூட்டிவர ஆசைப்படுகிறவர்கள் செய்கிற முதல் தவறு, அவர் ஏன் நின்றுபோனார் என்று கேட்காமலே பேச ஆரம்பிப்பது. நானும் செய்திருக்கிறேன். உறவினர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நற்கருணையில் ஆண்டவர் மெய்யாகவே இருக்கிறார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை நான் எப்போ இல்லேன்னேன்?" என்றார். அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. பல வருடங்களுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு குருவானவர் அதட்டிப் பேசியிருக்கிறார், அவ்வளவுதான், அன்றோடு நின்றவர்.

விலகியவர் எல்லோரும் விசுவாசத்தை இழந்தவர்கள் இல்லை. வேலை, ஊர் மாற்றம் என்று பழக்கம் விட்டுப்போனவர் உண்டு, வெட்கத்தில் ஒதுங்கியவர் உண்டு, திருமணச் சிக்கலில் மாட்டிக்கொண்டு இனி நமக்கு வழியே இல்லை என்று தானாகவே முடிவுகட்டியவரும் உண்டு. லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுசுக்குப் போகும் சீடர் இருவரும் எருசலேமை விட்டு விலகித்தான் நடக்கிறார்கள். இயேசு கூடவே நடந்து, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். மறைநூல் விளக்கமெல்லாம் அப்புறம்தான் வருகிறது. நாம் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராக விளக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

வாதம் இன்னொரு தவறு. புனித மோனிக்கா, மானி மதத்தில் (ஒளியும் இருளும் மோதுவதாகச் சொன்ன பழைய மதம்) சேர்ந்திருந்த தன் மகன் அகுஸ்தீனிடம் பேசி அவர் தவறுகளை எடுத்துக்காட்டச் சொல்லி ஒரு ஆயரிடம் (பிஷப்பிடம்) கெஞ்சினார். அந்த ஆயரும் சிறுவயதில் மானி மதத்தாரிடம் வளர்ந்து, பிறகு தானாகவே விலகி வந்தவர்தான். அவர் மறுத்துவிட்டார். பையன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காகச் செபம் செய் என்றார். மோனிக்கா விடாமல் அழுது நச்சரிக்க, சற்றுச் சலிப்போடுதான், இவ்வளவு கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்று சொல்லி அனுப்பினார். அகுஸ்தீன் 387-இல் பாஸ்கா திருவிழிப்பின்போது (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) மிலானில் அம்புரோசியார் என்ற வேறொரு ஆயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். (அதுவரை அவர் ஞானஸ்நானமே பெறாதவர், ஆகவே நம் ஆளோடு முழுசாகப் பொருந்தாது. ஆனால் மோனிக்காவுக்கு அந்த ஆயர் சொன்ன யோசனை அப்படியே பொருந்தும்.)

இதையெல்லாம்விட அதிகச் சேதம் செய்வது அரைகுறைத் தகவல். விவாகரத்து ஆனவர் நற்கருணை வாங்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி வருடக்கணக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விவாகரத்து ஆனது மட்டுமே தடை இல்லை. முந்தைய திருமணம் நிலைத்திருக்கும்போது வேறொருவரை மணந்து வாழ்வதில்தான் சிக்கல் வருகிறது. அங்கேயும் "உனக்கு முடியாது" என்றோ "அதெல்லாம் பரவாயில்லை" என்றோ தீர்ப்புச் சொல்ல நாம் யார்? முந்தைய திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் (ஆயரின் கீழுள்ள திருச்சபை நீதிமன்றம்) அறிவிக்க வாய்ப்பு இருக்கலாம். அந்த விசாரணையை போப் பிரான்சிஸ் 2015-இல் எளிதாக்கினார், இரண்டு தீர்ப்புகள் ஒத்துவர வேண்டும் என்ற பழைய நிபந்தனை போய்விட்டது. பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு, இருவருக்கும் வேறு தடை இல்லையென்றால், திருச்சபையில் அதை முறைப்படுத்த வழி உண்டு. பங்குத்தந்தையிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும். கருக்கலைப்புப் பாவத்துக்கு ஆயரிடம்தான் போக வேண்டும் என்று பயந்து ஒதுங்கியிருக்கும் பெண்களும் உண்டு. 2016 முதல் எல்லாக் குருக்களும் அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்க அதிகாரம் பெற்றிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அன்பு என்ற பெயரில் "சும்மா வா, எல்லாரோடயும் போய் வாங்கிக்கோ" என்பது. கல்யாணப் பூசையிலும் அடக்கப் பூசையிலும் இது சாதாரணமாக நடக்கிறது. சாவான பாவம் (தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவம்) தனக்கு இருப்பதை உணர்ந்தவர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 916), தெரிந்தே வருடக்கணக்கில் ஞாயிறு பூசையை விட்டவருக்கும் இது பொருந்தும். அந்தப் படியை நாம் விழுங்கிவிட்டால் அவருக்குக் கிடைக்க வேண்டிய பெரிய ஆறுதலையே பறித்துவிடுகிறோம்.

பாவசங்கீர்த்தனம் என்றதும் அவர் சொல்லப்போவது அநேகமாக, "எப்படிச் சொல்லணும்னே மறந்துபோச்சு". அதற்குச் சிரிக்காதீர்கள். "ஃபாதர், இருபது வருஷம் ஆச்சு, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, உதவி செய்யுங்க" என்று ஆரம்பித்தால் போதும், மீதியைக் குருவானவர் கேள்வி கேட்டு நடத்திக்கொள்வார். மனத்துயர் செபம் (பாவத்துக்காக வருந்திச் சொல்வது) மறந்திருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகலாம். சாவான பாவங்களை நினைவுக்கு வரும் அளவில் வகையும் எண்ணிக்கையும் சொன்னால் போதும், உண்மையாகவே மறந்தது விட்டுப்போனால் அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்பு. அது பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிவிட வேண்டும். முகம் காட்டக் கூச்சமென்றால் தட்டிக்குப் பின்னால் மண்டியிடலாம். கேட்டதை வெளியே சொல்லும் குருவானவர் அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார், அவ்வளவு கடுமையான இரகசியம் அது. ஆனால் பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால், பின்னால் பதினைந்து பேர் நிற்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் வியாதியைக் காட்டி மிரட்டுவது, பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பிணையாக வைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வருகிறவர் உங்களுக்காக ஒருநாள் வருவார், அத்தோடு சரி.

திருச்சபையைச் சேர்ந்த ஒருவரால் உண்மையிலேயே காயப்பட்டவரிடம் மட்டும், தயவுசெய்து, "எல்லா இடத்திலும் கெட்டவங்க இருக்காங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், நடந்தது தவறு என்று சொல்லுங்கள், துஷ்பிரயோகமென்றால் புகார் கொடுக்கத் துணை நில்லுங்கள். பூசைக்கு அழைப்பது அன்றைக்கு உங்கள் வேலையே இல்லை.

அப்புறம், நீங்களே கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள்? "இந்தச் சனிக்கிழமை நான் போறேன், கூட வர்றியா, வெளியே உட்கார்ந்தாலும் சரி" என்று சொல்ல முடிகிறவர், பத்து விளக்கம் சொல்கிறவரைவிடச் சுலபமாக ஒருவரை வாசல்வரை கூட்டிவந்துவிடுவார். அவர் உள்ளே போய்விட்டு வெளியே வந்ததும் ஃபாதர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், வீட்டுக்குப் போன் போட்டு யாரிடமும் சொல்லாதீர்கள். குருவானவர் கொடுத்த பரிகாரச் செபம் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் தேவைப்படும், பக்கத்து பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருங்கள்.