ஸ்டீல் வீலில் பவுடர் கோட்டிங் கொப்பளிக்கிறதா?

பவுடர் கோட்டிங்குக்கு (மின்னேற்றிய பெயின்ட் பொடியைத் தெளித்து, அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைப்பது) அகலம் கூட்டி வெல்டு செய்த ஜீப் வீல் வந்தால் நான் முதலில் பார்ப்பது ரிம்மும் டிஸ்க்கும் (வீலின் நடுத்தட்டு) சேரும் இடுக்கைத்தான். பழைய எண்ணெயும் ஈரமும் அங்கே தங்கியிருக்கும்; அடுப்பில் சூடேறியதும் ஆவியாகி, உருகும் பவுடரைக் கொப்பளிக்க வைக்கும். அதனால் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசித் துருவும் பழைய பெயின்ட்டும் எடுப்பது) முடிந்ததும், பவுடர் அடிக்காமலேயே வீலை 220 டிகிரியில் அரை மணி நேரம் சுடவையுங்கள். இடுக்கில் பழுப்பாகக் கசிந்தால் துடைத்து, ஆறவிட்டு, அப்புறம் அடியுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது.

உள்மூலையில் பவுடர் பிடிக்கவில்லையா? பவுடர் அடிக்கும் கன்னின் வோல்டேஜைக் குறைத்து, மூலையை முதலில் அடியுங்கள்.

நட்டு உட்காரும் குழிகளையும் ஹப்பில் படியும் முகத்தையும் சூடு தாங்கும் டேப்பால் மறைத்தே ஆகவேண்டும். அங்கே கோட்டிங் இருந்தால் ஓட்டத்தில் நசுங்கி நட்டு தளரும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) மறுபடி முறுக்கிப் பாருங்கள்.