மியூனிக்கில் முதல் மாதம்: தானே சாத்திக்கொள்ளும் கதவும் பாதி வழியில் பிரியும் ரயிலும்

ஜெர்மனியில் பெரும்பாலான குடியிருப்புக் கதவுகளுக்கு உள்பக்கம்தான் கைப்பிடி. வெளியே ஒரு குமிழ் இருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் அது சுழலாது. கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. இதை நான் ஒரு பிப்ரவரி மாலையில், கையில் குப்பைப் பையும் காலில் வீட்டுச் செருப்புமாகக் கற்றுக்கொண்டேன். சுவரில் பூஞ்சை பிடிக்காமலிருக்க சன்னல்களை அவ்வப்போது அகலத் திறந்து வைக்கும்படி வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். திறந்து வைத்தேன். அந்தக் காற்றுதான் என் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தியது.

குடியேறிய வாரத்திலேயே செய்யவேண்டியவை

மாற்றுச் சாவியை நம்பகமான நண்பரிடம் கொடுத்து வையுங்கள். அவர் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் நல்லது. கதவின் உள்பக்கம் சாவியைச் செருகியபடி விடாதீர்கள். பல பூட்டுகளில் அப்படி இருந்தால் வெளியிலிருந்து மாற்றுச் சாவியும் திரும்பாது.

உங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரர் ஒருவரின் எண்ணை நிதானமாகத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வீட்டுச் சாவியே கட்டடத்தின் பொதுவாசலையும் திறக்கும் என்பதால், அது தொலைந்தால் மொத்தப் பூட்டுகளையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது, சாவி தொலைவதும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கதவு சாத்திக்கொண்டபின்

படி 1: உள்ளே அடுப்பு எரிகிறதா, குழந்தை தனியாக இருக்கிறதா? அப்படியானால் யோசிக்காமல் 112, தீயணைப்புத் துறை. இரண்டும் இல்லையென்றால் அந்த எண் வேண்டாம்.

படி 2: பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள். கைபேசி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். கூச்சப்படாதீர்கள், இந்த ஊரில் எல்லாருக்கும் ஒருமுறையாவது இது நடந்திருக்கும்.

படி 3: பூட்டுக்காரரிடம் தொலைபேசியிலேயே விலை பேசுங்கள். முக்கியமான படி இதுதான். 'ட்சூகெஃபாலன்' என்றால் கதவு வெறுமனே சாத்திக்கொண்டது. 'அப்கெஷ்லோசன்' என்றால் சாவியால் பூட்டப்பட்டது. உங்களுடையது முதல் வகை என்று தெளிவாகச் சொல்லுங்கள். வந்துபோகும் செலவு, இரவு அல்லது ஞாயிறு கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் காதால் கேட்டால் பின்னால் சாட்சிக்கு ஆகும்.

படி 4: வெறுமனே சாத்திய கதவைப் பழகிய ஆள் சில நிமிடங்களில், பூட்டு சேதமாகாமல் திறந்துவிடுவார். வந்ததும் துளைப்பான் கருவியை எடுத்தால் ஏன் என்று கேட்டு நிறுத்துங்கள்.

படி 5: ரசீது வாங்குங்கள். பேசியதைவிட அதிகம் கேட்டு மிரட்டினால் 110, காவல்துறை.

நான் மூன்றாம் படியைக் கோட்டைவிட்டேன். இணையத்தில் முதலில் வந்த எண்ணை அழைத்து, விலையைக் கதவு திறந்தபின் கேட்டேன். ஒரு மாத மளிகைச் செலவு இரண்டு நிமிடத்தில் போயிற்று.

ரயிலில்

மியூனிக்கில் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. நடைமேடைக்குப் போகும் வழியிலுள்ள நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். பத்துக் கட்டச் சீட்டு வாங்கியிருந்தால், பயணத்துக்கு உரிய கட்டங்களை எண்ணி மடித்து, அவற்றில் கடைசிக் கட்டத்தில் மட்டும் குத்துங்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டைப் பரிசோதகர் டிக்கெட்டாகவே கருதமாட்டார். அபராதம் 60 யூரோ. ஊருக்குப் புதியவன் என்ற விளக்கத்தை அவர் அன்றைக்கே பத்துப் பேரிடம் கேட்டிருப்பார். மாதச் சீட்டு எடுப்பவர்களுக்கு முத்திரைத் தொல்லை இல்லை. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்து, 2025இல் 58 யூரோவாக இருந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் நாடெங்கும் நகர, வட்டார வண்டிகளில் செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் அதைக் காட்டி ஏற முடியாது.

அடுத்தது, பிரியும் ரயில். விமான நிலையத்துக்குப் போகும் எஸ் 1 வண்டி நொய்ஃபார்ன் நிலையத்தில் இரண்டாகிறது. ஒரு பாதி விமான நிலையத்துக்கும் மறுபாதி ஃப்ரைசிங் ஊருக்கும் போகும். ஏறுமுன் நடைமேடைப் பலகையையும் பெட்டியின் மேலுள்ள ஊர்ப்பெயரையும் பாருங்கள். தவறான பாதியில் இருப்பது தெரிந்தால் நொய்ஃபார்னிலோ அதற்கு முன்போ இறங்கிச் சரியான பெட்டிக்கு மாறலாம். தூங்கிவிட்டால் ஃப்ரைசிங்கிலிருந்து 635ஆம் எண் பஸ் விமான நிலையத்துக்குப் போகிறது. இந்தக் கவலையே வேண்டாமென்றால் எஸ் 8 பிடியுங்கள், அது பிரிவதில்லை.

அம்மா முதன்முறை வந்தபோது அழைத்துவரக் கிளம்பிய நான் ஃப்ரைசிங்கில் போய் இறங்கினேன். பஸ் பிடித்து ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து எனக்காகக் கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார்.