வாசனையை மூக்கு அறிவது எப்படி: நீங்களே செய்து பார்க்கும் நான்கு படிகள்

இதற்குப் பழச்சுவையுள்ள மிட்டாய்கள் சில, ஒரு சோப்புக் கட்டி, ஒரு தாள், பேனா ஆகியவை போதும். நான்காம் படிக்கு மட்டும் அருகில் ஒரு பூனை இருக்க வேண்டும்.

படி 1. கண்களை மூடி, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, எந்த மிட்டாய் என்று பாராமல் ஒன்றை எடுத்து மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும். எந்தப் பழம் என்பது தெரியாது. பிடியை விட்டதும் ஆரஞ்சா திராட்சையா என்பது சட்டென்று விளங்கும். வாயில் எழும் மணமூலக்கூறுகள் தொண்டையின் பின்புறமாக நாசிக்குள் ஏறுவதே காரணம்.

படி 2. சோப்பைச் சற்றுத் தள்ளி வைத்து முதலில் இயல்பாக மூச்சு விடுங்கள். பிறகு நாய் மோப்பம் பிடிப்பதுபோல் வேகமாக உறிஞ்சுங்கள். மணம் கூடித் தெரியும். மணத்தை உணரும் நரம்பணுக்கள் நாசியின் கூரைப்பகுதியில் இருப்பதால், உறிஞ்சும்போதுதான் காற்று அங்கே அதிகமாகச் சென்று சேர்கிறது.

படி 3. இதை நிதானமாகச் செய்யுங்கள், ஏனெனில் முழு விஷயத்தின் உயிர்நாடியும் இதுவே. தாளில் ஆறு வட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு வகை ஏற்பியாக, அதாவது மணமூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் நரம்பணுப் புரதமாகக் கொள்ளுங்கள். ஒரு மணம் தூண்டும் ஏற்பிகளாக 1, 3, 4 ஆகியவற்றையும், இன்னொன்று தூண்டுபவையாக 3, 5, 6 ஆகியவற்றையும் நிரப்புங்கள். மூன்றாம் வட்டம் இரண்டுக்கும் பொதுவானது. ஆனாலும் கோலம் வேறு. மூளை படிப்பது அந்தக் கோலத்தைத்தான். லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். செயல்படும் ஏற்பி வகைகள் எலிக்கு ஏறத்தாழ 1,000, மனிதருக்கு ஏறத்தாழ 400. ஒரு நரம்பணு பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்குகிறது; ஒரே வகையைத் தாங்கும் அணுக்களின் இழைகளெல்லாம், எலும்பிலுள்ள சல்லடைத் துளைகள் வழியே மூளையின் நுகர்ச்சிக் குமிழை அடைந்து, அங்கே குறிப்பிட்ட சில முடிச்சுகளில் வந்து கூடுகின்றன. நீங்கள் வரைந்த கோலம் அப்படியே மூளைக்குள் விழுகிறது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

படி 4. வேறொரு பூனை சிறுநீர் கழித்த இடத்தை முகரும் பூனையைக் கவனியுங்கள். முகர்ந்த பின் மேலுதட்டைச் சற்றுத் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி சில நொடிகள் அசையாமல் நிற்கும். மேல்வாயின் முன்புறத் துளைகள் வழியாக அந்த வேதிப்பொருளை, நாசியின் அடிப்பகுதியில் இத்தகைய பொருள்களை உணரவென்றே உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குள் ஏற்றும் செயல் அது. ஒரே இனத்தைச் சேர்ந்த உயிரிகள் தமக்குள் செய்தி சொல்ல வெளியிடும் இத்தகைய பொருள்களுக்கு 1959இல் ஃபெரோமோன் என்று பெயரிட்டனர். வளர்ந்த மனிதரிடம் இவ்வுறுப்பு இயங்குவதற்குச் சான்றில்லை; மனித ஃபெரோமோன் என்று விற்கப்படும் வாசனைத் திரவியங்களை நம்ப வேண்டாம்.

எனினும், ஃபெரோமோன் என்றாலே ஜேக்கப்சன் உறுப்புதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாய் முயல் நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒருமுறைதான், அதுவும் சில நிமிடங்களே பாலூட்டுகிறது. கண் திறவாத குட்டி அதற்குள் காம்பைக் கண்டுபிடித்தாக வேண்டும். பாலிலிருந்து எழும் ஒரே ஒரு வேதிப்பொருளின் மணம் பட்டதும் அது தலையை அசைத்துத் தேடிக் காம்பைக் கவ்விக்கொள்கிறது. அந்த மணத்தை அது உணர்வது, மிட்டாயின் பழத்தை உங்களுக்குச் சொன்ன அதே நாசி வழியில்தான்.